கேம்பர்வேனில் நியூசிலாந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் நானும் என் கணவரும், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே பொருத்திய கேம்பர்வேன் என்னும் வண்டியை ஓட்டிச் சென்ற பயணத்தைப் பற்றி இந்த இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலர் தாங்களும் இணையராகப் புறப்பட எண்ணியிருப்பவர்கள். அவர்களுடைய கேள்விகளில் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயர்களைத் தவிர்த்துவிட்டு, இங்கே பதில் தருகிறேன்.

எங்களுக்கு இரண்டு வாரம் விடுப்பு கிடைக்கும். ஆக்லாந்தில் இறங்கி வடக்குத் தீவைப் பார்த்துவிட்டு, கப்பலில் தெற்குத் தீவுக்குப் போய், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் வரை சென்று குயின்ஸ்டவுனில் விமானம் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். இது நடக்குமா?

நடக்கும். ஆனால் இரண்டு வாரமும் ஸ்டியரிங்கின் முன்னாலேயே கழிந்துவிடும். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஏறத்தாழ 640 கிலோமீட்டர். அங்கிருந்து குக் நீரிணையைக் கடந்து பிக்டன் சேர மூன்றரை மணி நேரம் ஆகும். கப்பலில் ஏறக் காத்திருப்பது தனி. பிக்டனிலிருந்து கிரைஸ்ட்சர்ச் வழியாகக் குயின்ஸ்டவுன் 800 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் போய்த் திரும்பவே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் ஆகிவிடும். வழியில் நின்று பார்ப்பதற்கான கிளைச் சாலைகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். நெடுஞ்சாலைகளில் பொதுவான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்தான் என்றாலும், பெரும்பாலான இடங்களில் திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள, மலையையும் ஆற்றையும் ஒட்டி வளைந்து செல்லும் அந்தச் சாலைகளில், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய உயரமான வண்டியை யாரும் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. பின்னால் நான்கைந்து கார்கள் சேர்ந்துவிட்டால், மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்காக ஓரத்தில் விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி அவற்றுக்கு வழிவிடுவது அங்கே ஓட்டுநர்கள் எதிர்பார்க்கும் மரியாதை.

என் கருத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தீவு போதும். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்பதை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். கிரைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, தெக்காப்போ ஏரி, அவோராக்கி என்னும் மவுண்ட் குக், வானகா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரையின் பனியாற்று ஊர்கள், ஆர்தர்ஸ் பாஸ் வழியாக மீண்டும் கிரைஸ்ட்சர்ச் என்று ஒரு வட்டம் போடலாம். நாட்கள் மிஞ்சினால் வானகாவிலிருந்து தெற்கே இறங்கி மில்ஃபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புக்காக்கி ஏரிச் சாலை ஒன்றே போதும். ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி மவுண்ட் குக் கிராமம் வரை 55 கிலோமீட்டர். பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கிய மாவு போன்ற தூள் நீரில் மிதப்பதால், ஏரி பால் கலந்த நீல நிறத்தில் இருக்கும். நேர் எதிரே 3,724 மீட்டர் உயரத்தில் நாட்டின் மிக உயரமான சிகரம் நிற்கும். அது மேகத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கும்; கரையில் வண்டியை நிறுத்தித் தேநீர் போட்டுக் குடித்தபடி காத்திருப்பவர்களுக்கே முகம் காட்டும். அன்று மாலைக்குள் இன்னும் 300 கிலோமீட்டர் போக வேண்டியிருப்பவர்களால் எப்படிக் காத்திருக்க முடியும்?

வண்டியிலேயே படுக்கை இருக்கிறது. அப்படியானால் இரவில் விரும்பிய இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் அல்லவா?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால்தான் அந்த நாட்டு மக்களுக்கும் வெளியூர்ப் பயணிகளுக்கும் இடையே பல ஆண்டுகளாக மனக்கசப்பு இருந்துவந்திருக்கிறது. கட்டணமில்லாமல் பொது இடத்தில் தங்குவதை அங்கே ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள். இதற்கென 2011-இல் தனிச் சட்டம் வந்தது. 2023-இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. உள்ளாட்சி நிலங்களில் இப்படித் தங்க வேண்டுமானால், உள்ளாட்சி மன்றமே விலக்கு அளித்திருக்கும் இடங்கள் நீங்கலாக, வண்டி தன்னிறைவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதாவது வண்டிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நாளைக்கும் சேர்த்து ஆளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீரும், அதற்கு ஈடாகக் கழிவுநீரும் கொள்ளும் வசதி இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகும் கையடக்கக் கழிப்பறை இப்போது செல்லாது. புதிய விதிப்படி தரப்படும் சான்று பச்சை நிற அட்டை. அந்த வண்டி எத்தனை பேருக்குத் தகுதி பெற்றது என்பதும் அதில் இருக்கும். வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது முதலில் அந்த அட்டையைப் பாருங்கள்.

சான்று கையில் இருந்தாலும் எல்லா இடமும் உங்களுடையது ஆகிவிடாது. ஒவ்வொரு உள்ளாட்சியும் எங்கே தங்கலாம், எத்தனை இரவு தங்கலாம் என்று தனித்தனியாக விதி வைத்திருக்கிறது. ஓர் ஊரின் ஏரிக்கரையில் அனுமதி இருக்கும். அடுத்த ஊரில் அதே போன்ற கரையில் தடைப் பலகை இருக்கும். பலகையைப் படிக்காமல் நிறுத்தினால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் கட்ட நேரிடும். பணத்தைவிட முக்கியமான காரணமும் உண்டு. கழிப்பறை இல்லாத வண்டிகள் குவிந்த கரைகளில் புதர்களுக்குப் பின்னால் கிடந்த அசுத்தத்தை அங்கேயே வாழும் மக்கள்தான் காலை நடையில் பார்க்க வேண்டியிருந்தது. நாம் அவர்களுடைய விருந்தினர்கள். இந்த விதிகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இரவு தங்க மூன்று விதமான இடங்களைக் கலந்து திட்டமிடுங்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் முதல் வகை. இவற்றில் மிக எளியவை இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. மவுண்ட் குக் அடிவாரத்தில் இருக்கும் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமைப் போல, பணக்கார விடுதிகளுக்கும் கிடைக்காத இடங்களில் அவை அமைந்திருக்கின்றன; ஆனால் மின் இணைப்பு இருக்காது. அடுத்தது தனியார் நடத்தும் ஹாலிடே பார்க். அங்கே மின் இணைப்பு, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் கிடைக்கும். மூன்றாவது, அனுமதி உள்ள ஃப்ரீடம் கேம்பிங் இடங்கள். இரண்டு அல்லது மூன்று இரவுக்கு ஒருமுறை ஹாலிடே பார்க்கில் தங்கினால் வண்டியின் பேட்டரியும் உங்கள் உடம்பும் மீண்டும் தெம்பு பெறும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் கழிப்பறையை யார் சுத்தம் செய்வது? எப்படி?

நீங்களேதான். கூச்சப்பட வேண்டாம், எனக்கு வந்த கடிதங்களில் பாதி இதைச் சுற்றி வளைத்துக் கேட்டவைதான். கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். அதைக் கேசட் என்கிறார்கள். வண்டியின் வெளிப்புறத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து அதை உருவி எடுக்கலாம். டம்ப் ஸ்டேஷன் எனப்படும் கழிவு இறக்கும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெரும்பாலான ஹாலிடே பார்க்குகளிலும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, கேசட்டின் குழாயை வெளியே திருப்பி, மூடியைக் கழற்றி, துவாரத்துக்கு நேராகச் சாய்க்க வேண்டும். பல கேசட்டுகளில் காற்றுப் புகுவதற்கு ஒரு பொத்தான் இருக்கும். சாய்க்கும்போது அதைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் சீராக வடியும், அழுத்தாவிட்டால் குபுக்கென்று தெறிக்கும். பிறகு அங்குள்ள குழாய் நீரை விட்டுக் குலுக்கி மீண்டும் ஊற்றி, துர்நாற்றம் அடக்கும் மருந்தையும் சிறிது தண்ணீரையும் சேர்த்துப் பெட்டியை உள்ளே தள்ளிவிடலாம். ஐந்து நிமிட வேலை.

கழிவு கழுவும் குழாயும் குடிநீர் நிரப்பும் குழாயும் அருகருகே இருக்கக்கூடும். எழுதியிருப்பதைப் படித்த பிறகே கை வையுங்கள். முதலில் கழிவை இறக்கிவிட்டு, கையைச் சோப்பால் கழுவிய பிறகே நல்ல தண்ணீர் பிடியுங்கள். சமையல், குளியல் கழிவுநீர் தனித் தொட்டியில் சேரும். அதையும் இந்த இடத்தில்தான் இறக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீர்தானே என்று சாலையோரத்திலோ ஏரியிலோ திறந்துவிடுவது பெரிய குற்றம். பகலில் ஊர்களிலும் முகாம்களிலும் உள்ள பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்துங்கள். அவை பெரும்பாலும் தூய்மையாகவே இருக்கும். வண்டிக்குள் இருப்பதை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பெட்டி கனக்காது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பயணம் முழுவதும் என் கணவர்தான் ஓட்ட வேண்டும். அவருக்குப் பாரமாகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். அத்துடன், ஆறேழு மீட்டர் நீளப் பெட்டிக்குள் இருவரும் எந்நேரமும் சேர்ந்தே இருந்தால் சண்டை வராதா?

சகோதரி, கேம்பர்வேனில் ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை அருகில் அமர்ந்திருப்பவர் செய்யாவிட்டால், ஓட்டுபவர் இரண்டாம் நாளே களைத்துவிடுவார். புறப்படும் முன் அலமாரிக் கதவுகளும் குளிர்பெட்டியும் தாழிட்டிருக்கின்றனவா, சமையல் எரிவாயு மூடியிருக்கிறதா, மின்கம்பி பிடுங்கியிருக்கிறதா, மேற்கூரைச் சாளரம் இறக்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அடுத்த டீசல் நிலையம் எங்கே என்று கணக்கு வைப்பது, பின்னால் எடுக்கும்போது இறங்கி ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்டுவது, தாழ்ந்த கிளைகளையும் கூரைகளையும் கவனிப்பது எல்லாமே உங்கள் பொறுப்பு. ஹாஸ்ட், மில்ஃபோர்ட் பக்கங்களில் நீண்ட தூரத்துக்குக் கைப்பேசியில் சிக்னல் கிடைக்காது. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

கிரைஸ்ட்சர்ச்சைச் சுற்றியுள்ள கான்டர்பரி சமவெளியில் வடமேற்குக் காற்று சில நாட்களில் மிக வேகமாக வீசும். கதவைத் திறந்த கையை உடனே எடுத்துவிட்டால் காற்று கதவைக் கீலோடு முறுக்கிவிடும். எங்கள் வண்டியில் நாங்கள் வைத்திருந்த விதி, ஒருவர் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்ட பிறகே மற்றவர் தம் பக்கக் கதவைத் திறக்க வேண்டும் என்பது.

சண்டையைப் பற்றி. வரும். ஆனால் எப்போது வரும் என்பதை முன்பே சொல்லிவிடலாம்: இருட்டிய பிறகு, இருவருக்கும் பசி எடுத்திருக்கும்போது, நிறுத்த இடம் தேடி அலைகையில் வரும். பிற்பகல் நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டால் பெரும்பாலான மனத்தாங்கல்கள் பிறக்கவே இடமில்லை. சிறிய வண்டிகளில் இரவு மேசையை இறக்கி, அதன் மேல் மெத்தைத் துண்டுகளை அடுக்கித்தான் படுக்கை அமைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும். இன்னொருவர் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். உதவுகிறேன் என்று குனிந்தால் தலையும் தலையும் முட்டும். யார் படுக்கை விரிப்பது, யார் காலையில் மடிப்பது, யார் கேசட்டை எடுப்பது என்பதையெல்லாம் முதல் நாளிலேயே பேசிவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால், நிலையான படுக்கை உள்ள வண்டியை எடுங்கள். உடைகளுக்குப் பெரிய சூட்கேஸ் வேண்டாம். மடித்து வைக்கக்கூடிய துணிப் பை போதும்.

மேற்குக் கரையில் நாள் முழுவதும் மழை பெய்யும்போது வெளியே போக முடியாது. அப்படிப்பட்ட நாளில் நாங்கள் மதியம் முழுவதும் பேசாமல் ஆளுக்கொரு மூலையில் படித்துக்கொண்டிருந்தோம். மாலையில் சமைக்கும்போது பேச்சு தானாகத் தொடங்கியது. அருகருகே இருந்தும் தனித்திருக்க ஒருவருக்கொருவர் இடம் கொடுப்பது அந்தச் சிறிய வண்டிக்குள் மிகவும் தேவைப்படுகிறது.

நம் நாட்டு ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா? சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் செல்லும். இல்லையேல் ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்போ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். ஓட்டும்போது உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது பெரிய நிம்மதி.

நமக்குப் புதிதாக இருப்பது ஒருவழித்தடப் பாலங்கள், அதாவது இரு திசை வண்டிகளும் ஒரே தடத்தில் மாறி மாறிச் செல்ல வேண்டிய பாலங்கள். தெற்குத் தீவில் இவை ஏராளம். ஹாஸ்ட் ஆற்றின் மேல் உள்ள பாலம் 737 மீட்டர் நீளம், நாட்டிலேயே நீளமான ஒருவழித்தடப் பாலம் அதுதான். பாலத்துக்கு முன்னால் இரண்டு அம்புக்குறிகள் உள்ள பலகை இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசையைக் காட்டும் அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலச் சதுரப் பலகையில் உங்கள் அம்பு பெரியதாக, வெள்ளையாக இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் எதிரே யாராவது ஏற்கெனவே பாலத்தில் ஏறியிருந்தால் பொறுத்திருங்கள். வானகாவிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் கிரவுன் ரேஞ்ச் வழியாகப் போனால் தூரம் குறையும். ஆனால் அந்தச் சாலை 1,000 மீட்டருக்கு மேல் ஏறிச் செங்குத்தாக வளைந்து இறங்குகிறது. பெரிய வண்டியில் போகிறவர்கள் குரோம்வெல் வழியாகச் சுற்றிப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.

மசாலாப் பொருட்கள், ஊறுகாய், நெய், தேன் ஆகியவற்றைக் கொண்டுபோகலாமா?

தேனை விட்டுவிட்டுப் போங்கள், அனுமதியே இல்லை. பழம், காய்கறி, பச்சை இலைகள், முளைக்கக்கூடிய விதைகள் ஆகியவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்ற உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும், ஒரு சிறு பொட்டலமாக இருந்தாலும், நுழைவுப் படிவத்தில் தவறாமல் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருள் அனுமதிக்கப்படாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அறிவிக்காமல் விட்டது கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளும் இதில் சேரும். மலை நடைக்குப் பயன்படுத்திய காலணிகளையும் மண் போகக் கழுவி எடுத்துச் சென்று, அவற்றையும் அறிவிக்க வேண்டும். வேளாண்மையையும் வேறெங்கும் இல்லாத பறவைகளையும் நம்பி வாழும் தீவு நாடு அது. ஒரு பழ ஈயோ ஒரு களைவிதையோ உள்ளே புகுந்தால் ஏற்படும் இழப்பை அவர்கள் அறிவார்கள்.

சமையலுக்குக் கவலை வேண்டாம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிரைஸ்ட்சர்ச்சிலேயே கிடைக்கும். ஹாஸ்ட் போன்ற சிற்றூர்களில் கடைகள் சிறியவை, விலையும் அதிகம். ஆகவே அதற்கு முன்பே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு இல்லாத இடங்களில் மின்சாரக் குக்கர் வேலை செய்யாது. எரிவாயு அடுப்பில் வைக்கும் சிறிய பாத்திரங்களே உதவும். சமைக்கும்போது சாளரத்தைச் சற்றுத் திறந்து வையுங்கள். குளிருக்காக எரிவாயு அடுப்பைக் கணப்பாக எரியவிட்டு வண்டியை மூடிக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து.

பூச்சித் தொல்லை உண்டா?

உண்டு. மேற்குக் கரையிலும், மில்ஃபோர்ட் இருக்கும் ஃபியோர்ட்லாண்டு பகுதியிலும் சேண்ட்ஃபிளை என்னும் சிறு கருப்புப் பூச்சி கடிக்கும். அரிப்பு பல நாள் இருக்கும். பகலில்தான் தொல்லை, இரவிலும் பலத்த காற்றிலும் குறைவு. பூச்சி விரட்டும் மருந்தைப் பூசிக்கொண்டு, கதவைத் திறந்த உடனே மூடிவிடுங்கள். கீயா என்னும் மலைக்கிளிகளும் வரும். வண்டியின் கூரையில் இறங்கி, சாளரத்தின் ரப்பர் விளிம்பை அலகால் கொத்தி இழுத்து உரித்துவிடும். அவை அழிவின் விளிம்பில் இருப்பவை. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் உணவு கொடுக்காதீர்கள். மெதுவாக வண்டியை நகர்த்திவிடுவதே வழி.

மில்ஃபோர்ட் சவுண்டில் எப்போதும் மழை என்கிறார்கள். அத்தனை தூரம் போவது வீண்தானா?

அங்கே ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மழைதான் அந்த இடத்தின் அழகு. வெயில் நாளில் இரண்டு நிலையான அருவிகளே பெரிதாகத் தெரியும் செங்குத்துப் பாறைச் சுவர்களில், மழை பிடித்த ஒரு மணி நேரத்தில் எண்ண முடியாத அளவு அருவிகள் இறங்கும். தே அனாவ் ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். டீசலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். 1954-இல் திறக்கப்பட்ட, 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள ஹோமர் சுரங்கம் மில்ஃபோர்டை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். தாழ்ந்த கியரில் போக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பாமல், எக்லிண்டன் பள்ளத்தாக்கில் உள்ள காஸ்கேட் கிரீக் முகாமில் இரவு தங்கி, சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன் காலையிலேயே சேர்ந்துவிடுங்கள். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலை மூடப்படும் நாட்கள் உண்டு. சக்கரத்துக்குப் பனிச்சங்கிலி கட்டாயம் என்று அறிவிக்கும் நாட்களும் உண்டு. முதல்முறை போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் இறுதியும் ஜனவரியும் அந்நாட்டினரின் கோடை விடுமுறை; வெளிச்சம் இரவு ஒன்பது மணி தாண்டியும் இருக்கும், ஆனால் முகாம்களில் இடம் கிடைப்பது அரிது.

வாடகை ஒப்பந்தத்தில் எதைப் படித்துப் பார்க்க வேண்டும்?

காப்பீட்டில் எது சேராது என்னும் பகுதியை முதலில் படியுங்கள். கூரையிலும் அடிப்பாகத்திலும் ஏற்படும் சேதம், தவறான எரிபொருள் நிரப்புவது, தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றிவிடுவது போன்றவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். குயின்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற சில வழிகளில் ஓட்டவே அனுமதி இராது. முன்பணமாகக் கடன் அட்டையில் பெரிய தொகை பிடித்துவைக்கப்படலாம். அட்டையில் அதற்கு இடம் இருக்கட்டும். டீசல் வண்டிகளுக்கு அந்நாட்டில் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் உண்டு. அது நாள் வாடகையில் அடங்குமா, திருப்பிக் கொடுக்கும்போது தனியாக வசூலிப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியைப் பெறும்போது நான்கு பக்கமும், கூரை, சக்கரங்கள், முன்கண்ணாடி, உள்ளே மெத்தையின் அடிப்பகுதி வரை படம் எடுத்து, ஓடியிருக்கும் கிலோமீட்டர் எண்ணையும் அதில் பதிவு செய்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.